சோதனை ரொட்டி

தயாளன் நான்கு வருஷமாக வாரத்துக்கு ஐந்தாறு ரொட்டி சுட்டார். ஒன்றைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. தின்பதற்காகச் சுட்டவை அல்ல என்பது அவர் தரப்பு.

அவர் வேலை ஓவன் பழுதுபார்ப்பது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம், பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். அங்கேயும் ஓவன்தான். ஆள் உயர ஓவன்களுக்குள் சர்க்யூட் பலகைகளை அடுக்கி, நாற்பத்தெட்டு மணி நேரம் சூட்டில் வைத்து, எது செத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். பிழைத்தவை கப்பலேறும். செத்தவற்றுக்குக் காரணம் எழுதிப் பாரம் நிரப்ப வேண்டும். தயாளன் நிரப்பிய பாரங்களில் அடித்தல் திருத்தல் இருக்காது. 2019ல் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. ஓவன்களும் கூடப் போயின. தயாளனை யாரும் கூப்பிடவில்லை.

அதற்கடுத்த வருஷம் நோய் வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது, பினாங்கில் பாதிப் பேர் ஓவன் வாங்கினார்கள். இரண்டு வருஷத்தில் அவை வரிசையாகக் கெட ஆரம்பித்தன. ஜெலுத்தோங்கில் பதினான்காவது மாடியில் குடியிருந்த தயாளனுக்கு ஒரு மோட்டோ சைக்கிளும் ஒரு சாமான் பெட்டியும் போதுமாக இருந்தன. வேலை தொடர்ந்து வந்தது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பழுதுபார்த்து முடித்ததும் விளக்கு எரியும், சூடு வரும், வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து, கேக் ஒரு பக்கம் கருகிவிட்டது என்று போன் வரும். தெர்மாமீட்டர் வைத்த இடத்துச் சூட்டை மட்டும்தான் சொல்லும். உள்ளே எதையாவது வேகவைத்துப் பார்த்தால்தான் முழு விவரம் தெரியும். கேக் என்றால் முட்டை அடிக்க வேண்டும், கருகினால் பழி கேக்கின் மேல் போகும். ஈஸ்ட் போட்ட ரொட்டி என்றால் மாவு உப்பும்வரை அடுத்தவர் வீட்டு அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அது தயாளனால் ஆகாது.

வழி ஒரு கையேட்டில் கிடைத்தது. தயாளன் ஓவன் கையேடுகளைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர். அப்படிப் படிக்கிற இன்னொருவரை அவர் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. ஒரு பழைய ஓவனின் கையேட்டில், சர்வீஸ் முகவரிகளுக்கெல்லாம் பின்னால், 'ஐரிஷ் சோடா பிரெட்' என்று அரைப் பக்கம் இருந்தது. தொழிற்சாலையில் ஜப்பான் தரம் என்று ஒன்று உண்டு, ஜெர்மன் தரம் என்று ஒன்று உண்டு. ஓவனைச் சோதிக்க அயர்லாந்து ஒரு தரம் வைத்திருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். மரியாதையோடு அதை நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டியில் வைத்தார்.

கோதுமை மாவு நானூற்றைம்பது கிராம். ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. மோர் என்று போட்டிருந்த இடத்தில் அவர் பெட்டிப் பாலில் எலுமிச்சை பிழிந்து ஐந்து நிமிஷம் விட்டுத் திரித்துக்கொண்டார். மோட்டோவில் மோர் தாங்காது. எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் ஒரு சுற்று, இரண்டு சுற்று. அதோடு நிறுத்த வேண்டும். மாவைப் பிசையக் கூடாது என்று கையேடு சொன்னது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆளின் கைத்திறமை உள்ளே போனால் ஓவனைச் சோதித்ததாக ஆகாது.

உருண்டையாக்கி, மேலே கத்தியால் ஆழமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல் போட்டு, இருநூறு டிகிரியில் வைப்பார். நாற்பது நிமிஷம் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். காப்பி கொடுத்தால் குடிப்பார். பேச்சுக் கொடுத்தால் "ஆமாங்க" என்பார். வெளியே எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் தட்டுவார். வெற்றுப் பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. கீறல் வழியே நாலாகப் பிட்டு, எந்தக் கால்துண்டு சிவந்திருக்கிறது, எது வெளுத்திருக்கிறது என்று நோட்டில் எழுதுவார். முன் இடது, பின் வலது. சரியாக இல்லையென்றால் மறுபடி திறப்பார். சரியாக இருந்தால் ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சோதனைப் பொருளைத் தொழிற்சாலையில் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

ஊரில் அந்த ரொட்டிக்கு ஒரு நல்ல பெயர் உண்டாகியிருந்தது. அது தயாளனுக்குத் தெரியாது. அவர் மனைவி தனலெட்சுமிக்கு ரொட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

தனலெட்சுமி பர்மா சாலையில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை செய்தார். இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புலாவ் தீக்குஸிலிருந்து அமலம்மாள் என்ற எழுபத்தொரு வயது அம்மாள் வந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். இன்னொரு கையில், டிஷ்யூ தாளில், கீழ்வரிசைப் பல் செட் இரண்டு துண்டாக இருந்தது.

"என்னா கடிச்சீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார் தனலெட்சுமி. பாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

"ரொட்டி லா."

"ரொட்டியா?"

"கடை ரொட்டி இல்ல மா. ஓவன்காரர் சுட்டது. மூணு நாளாயிருச்சு, தூக்கிப்போட மனசு வரல. காப்பியில நனைக்காம கடிச்சது என் தப்பு."

"ஓவன்காரருன்னா?"

"ஓவன் ரிப்பேர் பண்ண வருவாரு மா. முடிச்சிட்டு, அவரே மாவு கொண்டாந்து, ஒரு ரொட்டி சுட்டு வெச்சிட்டுப் போவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. அப்பிடி ஒரு ஆம்பளய நான் பாத்ததில்ல. என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் சுடுதண்ணிகூட வெச்சதில்ல."

"எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான்" என்றார் தனலெட்சுமி.

"நம்பர் தரவா? ஓவன் இருந்தா கூப்பிடு. இல்லன்னாலும் கூப்பிடலாம்."

அமலம்மாள் தன் போனைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தனலெட்சுமி தன் போனில் அழுத்திக்கொண்டே வந்தார். ஏழாவது எண்ணை அழுத்தியதும் திரையில் பெயர் வந்தது. 'ஹஸ்பண்ட்' என்று இருந்தது. மீதி எண்களையும் அமலம்மாள் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றார். பாரத்தில், உடைந்ததற்கான காரணம் என்ற கட்டத்தில், 'ரொட்டி' என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் தயாளன் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். மகள் காமினி ஜொகூருக்குப் படிக்கப் போனதிலிருந்து வீட்டில் இருவர்தான்.

"இன்னைக்கு எங்க வேல?" என்று கேட்டார் தனலெட்சுமி.

"ஆயர் ஈத்தாம்."

"என்னா பண்ணீங்க?"

"தெர்மோஸ்டாட் மாத்தினேன்."

"அப்புறம்?"

"டெஸ்ட் பண்ணேன்."

"எத வெச்சு?"

தயாளன் பொய் சொல்லுகிறவர் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார். "ரொட்டி" என்றார்.

"கல்யாணமாகி இருவத்திநாலு வருஷமாச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தா, மைலோ கலக்கத் தெரியாதுன்னு பதினாலு மாடி எறங்கிப் போய் கடையில வாங்கிட்டு வருவீங்க."

"அது சமையல். இது டெஸ்ட்."

"பல்லு ஒடையிற அளவுக்கு ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் தெரியாது."

"யாரு பல்லு?" என்றார் தயாளன். அவருக்கு உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

தனலெட்சுமி எழுந்தார். "அப்பவும் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

'அப்ப' என்றால் எப்போது என்று தயாளனுக்குத் தெரியும்.

தொழிற்சாலை மூடியபோது அவர் பதினோரு நாள் வீட்டில் சொல்லவில்லை. இனிமேல் கம்பெனி பஸ் வராது என்று மட்டும் சொன்னார். அது பொய் இல்லை. காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மோட்டோவில் பாலம் கடந்து ஜுருவுக்குப் போவார். தொழிற்சாலைக்கு எதிரில் முஸ்தஃபாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பூட்டிய கேட்டைப் பார்த்தபடி தே தாரேக் என்கிற பால் தேநீர் குடிப்பார். ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வீடு திரும்புவார். பதினோராவது நாள், கூட வேலை பார்த்த சுப்பையாவின் மனைவி கோயிலில் தனலெட்சுமியைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரருக்கு சிம்பாங் அம்பாட்ல வேல கெடச்சிருச்சு. உங்க வீட்டுக்காரருக்குக் கெடச்சதா?" என்று கேட்டுவிட்டார். அன்று தயாளன் யூனிஃபார்மோடு வந்து நின்றபோது தனலெட்சுமி கேட்டது ஒன்றே ஒன்று.

"நாளைக்கும் இத தொவைக்கணுமா?"

"வேணாம்" என்றார் தயாளன்.

அந்த விஷயத்தைப் பற்றி அவர்கள் இருவரும் அதற்குமேல் பேசிக்கொண்டதில்லை.

உடைந்தது யார் பல் என்று தனலெட்சுமியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாளே தயாளன் புலாவ் தீக்குஸுக்குப் போய் அமலம்மாளைப் பார்த்தார். உடைந்த பல் செட்டைக் காட்டச் சொன்னார். எந்த இடத்தில் விரிசல் தொடங்கியது என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். அமலம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதையும் கேட்காமல் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து ரொட்டியை எடுத்ததும் ஈரம் பிழிந்த துணியில் சுற்றி வைக்கலானார். அப்படிச் சுற்றினால் மேல்தோல் இளகும். பக்கத்தில் 'இன்றே சாப்பிடவும்' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார். குறை சரிசெய்யப்பட்டது என்று அவர் நினைத்தார். வீட்டில் தனலெட்சுமி சோறு போட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். தானாக ஒன்றும் பேசவில்லை. மூன்று வாரம் அப்படியே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தயாளனுக்குப் போன் வந்தது. கிளினிக் நம்பர்.

"ஓவன் ரிப்பேர் செய்யணும்" என்றது குரல்.

"தனமா?"

"ஓவன் ரிப்பேர் செய்யணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முடியுமா?"

தயாளன் நோட்டைப் பார்த்தார். "முடியும். அட்ரஸ்?"

தனலெட்சுமி அவர்கள் வீட்டு முகவரியைச் சொன்னார்.

"நம்ம வீட்டுல ஓவன் இல்லையே."

"இப்ப இருக்கு."

கிளினிக் நர்ஸ் ஜெயலெட்சுமி சுங்கை பாக்காப்புக்குக் குடிமாறிப் போனபோது ஒரு பழைய ஓவனைத் தூக்கிப்போட இருந்தார். "இது கெட்டுப்போனது அக்கா, புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்று அவர் சொன்னதற்கு, "கெட்டுப்போனதுதான் வேணும்" என்று தனலெட்சுமி வாங்கி வந்திருந்தார்.

சனிக்கிழமை காலை தயாளன் தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வந்தார். சாவி சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் மணி அடித்தார். வேலைக்குப் போகிற வீட்டில் அவர் மணி அடித்துவிட்டுத்தான் நிற்பார். தனலெட்சுமி கதவைத் திறந்தார்.

"என்னா கம்ப்ளெய்ண்ட்?"

"மேல கருகுது. கீழ வேகல."

தயாளன் ஓவனைக் கவிழ்த்துத் திறந்தார். கீழ்க் கம்பிக்குப் போகிற ஒயர் முனை துருப்பிடித்து உளுத்திருந்தது. வெட்டி, சுரண்டி, புது முனை போட்டு முறுக்கினார். பிறகு பெட்டியிலிருந்து மாவையும் பாலையும் எலுமிச்சையையும் எடுத்து வெளியே வைத்தார்.

"ஒரு பேசின் வேணும்" என்றார்.

மற்ற வீடுகளில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தனலெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தயாளன் தன் வீட்டு அடுப்படியில் நான்கு அலமாரிகளைத் திறந்து ஐந்தாவதில் பேசினைக் கண்டுபிடித்தார்.

மாவைச் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தினார்.

"பிசையலையா?"

"கூடாது. சேந்தா போதும்."

கீறல் போட்டு உள்ளே வைத்து, மணியைப் பார்த்து நோட்டில் எழுதினார்.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

"அதுவரைக்கும் என்னா செய்வீங்க?"

"பாத்துக்கிட்டு இருப்பேன். நடுவுல எழுந்து போகக் கூடாது."

"நல்லது" என்றார் தனலெட்சுமி. "பாருங்க. நான் கேக்குறேன். அந்தப் பதினோரு நாளு ஏன் சொல்லல?"

தயாளன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே ரொட்டியின் கீறல் மெதுவாக அகல ஆரம்பித்திருந்தது.

"எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல" என்றார் கடைசியில். "பாரம்னு ஒண்ணு இருந்திருந்தா நெரப்பிக் குடுத்திருப்பேன்."

"அங்க போய் என்னா பண்ணீங்க?"

"முஸ்தஃபா கடையில உக்காந்திருந்தேன். ஒம்பதாவது நாளு அவரு ரொட்டி வாட்டுற ஓவன் நின்னுபோச்சு. தெறந்து பாத்தேன். ஃபியூஸ். மாத்திக் குடுத்தேன். அன்னைக்கு உங்கிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீ துணி காயப்போட்டுக்கிட்டு இருந்த. அப்பறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

"எனக்கு மூணாவது நாளே தெரியும்."

தயாளன் அப்போதுதான் கண்ணாடியிலிருந்து திரும்பினார்.

"தொவைக்கிறது யாரு? பத்தொம்பது வருஷமா அந்த யூனிஃபார்ம்ல ஈயம் உருக்குற வாட. எந்த சோப்பு போட்டாலும் போவாது. மூணாவது நாளு வெறும் தே தாரேக் வாட வந்துச்சு."

"கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பதினொன்றில் மூன்று போனால் எட்டு. தயாளன் அந்தக் கணக்கைப் போட்டார். எட்டு நாள் இவள் சோறு போட்டிருக்கிறாள், யூனிஃபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறாள், வாசல்வரை வந்து அனுப்பியிருக்கிறாள். எந்தப் பலகையையும் தொழிற்சாலையில் இரண்டு நாளுக்குமேல் சூட்டில் வைத்ததில்லை.

"தப்பு என்னுது" என்றார்.

"தெரியும்."

"இப்ப என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். நடக்குறத எங்கிட்ட சொல்லுங்க. யாரோ வந்து சொல்லி நான் தெரிஞ்சிக்கக் கூடாது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

தயாளன் யோசித்தார். "டெய்லியா, வீக்லியா?"

தனலெட்சுமி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று தேடினார். அப்படி ஒன்றும் அங்கே இல்லை.

"டெய்லி" என்றார்.

நாற்பது நிமிஷம் ஆனதும் தயாளன் ரொட்டியை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். சத்தம் சரியாக இருந்தது. தனலெட்சுமியும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். நாலாகப் பிட்டார்கள். பின் வலது கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது, மற்றபடி குறையில்லை. அவர் எழுதி முடித்துச் சாமான்களை எடுத்து அடுக்கத் தொடங்கியபோது, தனலெட்சுமி வெண்ணெய்யும் முந்தின நாள் வைத்த காரமான சார்டின் மீன் சம்பலும் எடுத்து வைத்திருந்தார்.

"உக்காருங்க."

"இது டெஸ்ட்டுக்கு..."

"உக்காருங்க."

தயாளன் உட்கார்ந்தார். பின் வலதை எடுத்துக்கொண்டார். மெதுவாக மென்றார்.

"எப்பிடி இருக்கு?"

"உள்ள ஈவனா வெந்திருக்கு."

"ருசியக் கேட்டேன்."

இன்னொரு வாய் தின்றார். "உப்பு பத்தல" என்றார்.

"நாலு வருஷமா ஊருக்கெல்லாம் உப்பு பத்தாத ரொட்டி குடுத்திருக்கீங்க."

இது தயாளனைச் சங்கடப்படுத்தியது. கையேட்டில் உள்ள அளவு அதுதான் என்றார். தனலெட்சுமி சம்பலை அவர் பக்கம் நகர்த்தினார். இருவரும் முக்கால் ரொட்டியைத் தின்று தீர்த்தார்கள். மீதிக் கால்துண்டைத் தனலெட்சுமி துணியில் சுற்றி, அமலம்மாளுக்கு என்று எடுத்து வைத்தார்.

அதற்கப்புறம் வேலைக்குப் போகிற வீடுகளில் தயாளன் அளவை மாற்றவில்லை. தரம் என்றால் தரம். இதுவரை எந்த அயர்லாந்துக்காரரும் வந்து அவரைப் பாராட்டவுமில்லை, திருத்தவுமில்லை. வீட்டு ஓவன் மட்டும் தனலெட்சுமி கைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதே மாவில் உப்பைக் கூட்டி, வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டுச் சுடுகிறார். இதை வைத்து எந்த ஓவனையும் சோதிக்க முடியாது என்று தயாளன் ஒவ்வொரு வாரமும் சொல்லுகிறார். சொல்லிவிட்டு இரண்டு துண்டு சாப்பிடுகிறார்.

கொடுத்த வாக்கையும் காப்பாற்றுகிறார். தினமும் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வார். பாயான் லெப்பாஸில் ஒரு வீட்டில் இருநூற்றிருபது வைத்தால் நூற்றுத் தொண்ணூற்றைந்துதான் ஏறுகிறது, கதவு ரப்பர் இறுகிப்போயிருக்கிறது, அந்த வீட்டுக்காரர் ஹைருலுக்கு மூட்டுவலி, வலது கால். ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை போடவில்லை. எதையும் விடுவதில்லை. எது முக்கியம், எது இல்லை என்று பிரிக்க அவருக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு நாள் அவர் மூன்று வீடுகளுக்குப் போய்வந்திருந்தார். இரண்டாவது வீட்டின் விசிறி மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தனலெட்சுமி சாப்பிட்டு முடித்துவிட்டார். விரல்களில் சோறும் ரசமும் காய்ந்து இறுகின. கை கழுவ அவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வீடு இன்னும் பாக்கி இருந்தது.